மதிப்பெண்ணும் தரப்புள்ளியும்



பல்கலைக்கழகத்தினின்று வெளியேறும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள் இருக்கிறது. மூன்றாண்டு அல்லது நான்காண்டு உழைப்பு முழுவதும் அத்தாளில் ஓர் எண்ணாகவோ ஒரு சொல்லாகவோ சுருங்கி நிற்கிறது. 7.84 என்பது போன்றது எண். 'முதல் வகுப்பு' என்பது போன்றது சொல். மேற்படிப்புக்கு இடம் தருவோரும், வேலைக்கு ஆள் எடுப்போரும், உதவித்தொகை வழங்குவோரும் முதலில் நோக்குவது அதனையே. ஆயினும், அந்த எண் எவ்வாறு பிறந்தது என்று கேட்டால், விடை கூறவல்ல மாணவர் மிகச் சிலரே. தம் வாழ்வின் வாயிலைத் திறக்கவும் அடைக்கவும் வல்ல ஓர் அளவுகோலைப் பற்றி ஒருவர் அறியாதிருத்தல் நன்றன்று. ஆகவே, அதன் வரலாற்றையும் இயல்பையும் இன்று சிறிது ஆராய்வோம்.

நெல்லை அளக்க நம் முன்னோர் படியும் மரக்காலும் வைத்திருந்தனர். ஓர் ஊர்ப் படியும் மற்றோர் ஊர்ப் படியும் எப்போதும் ஒத்திருப்பதில்லை. 'பத்துப் படி நெல்' என்று சொன்னால், 'எந்த ஊர்ப் படி?' என்று கேட்ட பின்பே அறிவுடைய வணிகர் விலை பேசுவார். மதிப்பெண்ணும் ஒரு படியே. எந்த ஊர்ப் படி என்று கேட்கத் தெரிந்தவர்க்கே அதன் அளவு விளங்கும்.

முதலில் 'வகுப்பு' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் ஏல் கல்லூரியின் தலைவராயிருந்த எஸ்ரா ஸ்டைல்ஸ் என்பார் 1785ஆம் ஆண்டில் 58 மாணவர்களைத் தேர்வு செய்து, மிகச் சிறந்தோர், இரண்டாம் நிலைச் சிறந்தோர், தாழ்ந்தோர், மிகத் தாழ்ந்தோர் என நான்கு கூறாக இலத்தீன் மொழிப் பெயரிட்டுத் தம் நாட்குறிப்பில் எழுதினார். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதத் தேர்வுக்கு 'டிரைபாஸ்' என்று பெயர். அத்தேர்வில் தேறியவரை மூன்று வரிசையாகப் பிரித்து, ஒவ்வொருவரும் எத்தனையாவது இடம் என்பதையும் வெளியிட்டனர். முதல் வரிசையினர் 'ராங்க்ளர்' எனப்பட்டனர். அவருள் முதல்வர் 'சீனியர் ராங்க்ளர்'. இந்தியரான பராஞ்சபே 1899இல் மற்றொருவரோடு சேர்ந்து அவ்விடத்தைப் பெற்றார்.

அந்த இடத்தைப் பெறுவதற்காகவே தனி ஆசிரியரை அமர்த்திக்கொண்டு, கணக்குகளை விரைந்து செய்யும் பயிற்சியில் மாணவர் ஆண்டுகளைக் கழித்தனர். கணிதத்தை வளர்ப்பதைக் காட்டிலும் தேர்வை வெல்வதே நோக்கமாயிற்று. 1898இல் நான்காவது ராங்க்ளராக வந்த ஹார்டி என்னும் கணித மேதையே பின்னாளில் இம்முறையைக் கடுமையாக எதிர்த்தார். 1909ஆம் ஆண்டோடு இடவரிசை வெளியிடும் வழக்கம் நின்றது. வகுப்பு மட்டும் நிலைத்தது. இன்றும் இங்கிலாந்தில் பட்டங்கள் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பின் மேற்பிரிவு, அதன் கீழ்ப்பிரிவு, மூன்றாம் வகுப்பு என்றே வழங்கப்படுகின்றன. அங்கு முதல் வகுப்புக்கு உரிய எல்லை பொதுவாக 70 மதிப்பெண்.

சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் 1857இல் நிறுவப்பெற்றன. அவற்றிற்கு முன்மாதிரியாக அமைந்தது இலண்டன் பல்கலைக்கழகம். அக்காலத்து இலண்டன் பல்கலைக்கழகம் பாடம் நடத்தும் இடம் அன்று. தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் இடம். நம் பல்கலைக்கழகங்களும் அவ்வாறே அமைந்தன. கல்லூரிகள் கற்பித்தன, பல்கலைக்கழகம் தேர்வு நடத்தியது. கற்பித்தவர் ஒருவர், மதிப்பிட்டவர் வேறொருவர். மாணவரை முகமறியாத ஒருவர் மதிப்பிடுவதால் நடுநிலை காக்கப்பட்டது. அது பெரிய நன்மை. ஆனால் ஆண்டு முழுவதும் அவர் கற்ற விதத்தை அறிந்த ஆசிரியரின் கருத்துக்கு இடமில்லாமற் போயிற்று. முடிவில் எழுதும் சில மணி நேரத் தேர்வே அனைத்தையும் தீர்மானித்தது.

இக்குறையை அறிஞர் உணராமல் இல்லை. டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948இல் அமைந்து 1949இல் அறிக்கை தந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம்தான் செய்யலாம் என்றால், அது தேர்வுச் சீர்திருத்தமாகவே இருத்தல் வேண்டும் என்று வற்புறுத்திற்று. முதல் வகுப்புக்கு 70, இரண்டாம் வகுப்புக்கு 55, மூன்றாம் வகுப்புக்கு 40 என நாடெங்கும் ஒரே எல்லை வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. ஆயினும் நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் 60 என்னும் எல்லையே நிலைபெற்றது. நம் முதல் வகுப்புக்கும் இங்கிலாந்தின் முதல் வகுப்புக்கும் பெயர் ஒன்று, படி வேறு.

வகுப்பு முறையில் உள்ள இடர் யாது? 59.9 பெற்றவரும் 60 பெற்றவரும் அறிவால் வேறுபட்டவர் அல்லர். ஆயினும் அவ்விருவர்க்கும் இடையே ஒரு மதில் எழுந்துவிடுகிறது. 60 பெற்றவரும் 84 பெற்றவரும் பெரிதும் வேறுபட்டவர். ஆயினும் ஒரே பெயரைப் பெறுகின்றனர். மேலும், எல்லாப் பாடங்களிலும் தேறினால் அன்றித் தேர்ச்சி இல்லை என்னும் விதி சில வேளைகளில் பெருந்தீங்கு விளைத்ததுண்டு. கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன் கணிதத்தில் ஒப்பற்றவர். 1904இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். மற்றப் பாடங்களைப் புறக்கணித்ததால் அவ்வுதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எப்.ஏ. தேர்வில் அவரால் தேற முடியவில்லை. 1913இல் அவர் எழுதிய கடிதத்தைப் படித்து அவரை இன்னார் என்று கண்டுகொண்டவர், முன்னே நாம் கூறிய அதே ஹார்டி. 1916இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஆராய்ச்சிக்காக அவர்க்குப் பட்டம் வழங்கியது. 1918இல் அவர் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். இதனைக் கேட்டு, 'தேர்வில் தோற்றவர் எல்லாம் மேதை' என்று எவரும் முடிவு கட்டவேண்டா. பல பாடங்களை ஒரே மூட்டையாகக் கட்டி எடை போடும் அளவுகோல், ஒரு துறையில் மட்டும் உயர்ந்த அறிவைக் காணத் தவறிவிடலாம் என்பதே இதனால் அறியத்தக்கது.

இனி, கிரெடிட் என்னும் முறைக்கு வருவோம். இதன் பிறப்பிடம் அமெரிக்கா. 1869 முதல் 1909 வரை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்த சார்லஸ் எலியட், மாணவர் தமக்கு வேண்டிய பாடங்களைத் தாமே தேர்ந்துகொள்ளலாம் என்னும் கொள்கையைப் பரப்பினார். ஒருவர் கிரேக்க மொழியும் வரலாறும் எடுப்பார். மற்றொருவர் வேதியியலும் பொருளியலும் எடுப்பார். எல்லோரும் ஒரே பாடத்தைப் பயிலும்போது, 'மூன்றாண்டு முடித்தார்' என்றால் போதும். ஆளுக்கொரு பாடம் பயிலும்போது, யார் எவ்வளவு முடித்தார் என்பதை அளக்க ஒரு பொது அலகு வேண்டுமன்றோ? அத்தேவையிலிருந்து பிறந்ததே கிரெடிட்.

அந்த அலகு நாடெங்கும் பரவியதற்கு ஒரு வியப்பான காரணமும் உண்டு. கார்னெகி என்னும் செல்வர் கல்லூரி ஆசிரியர்க்கு ஓய்வூதியம் வழங்க ஓர் அறநிலையத்தை ஏற்படுத்தினார். அதில் சேர விரும்பும் கல்லூரி, மாணவரைச் சேர்ப்பதற்கு உயர்நிலைப் பள்ளிப் படிப்பை வரையறுத்த அலகுகளால் அளந்திருத்தல் வேண்டும் என்று அந்நிலையம் விதித்தது. ஒரு பாடத்தை ஓர் ஆண்டில் 120 மணி நேரம் பயின்றால் ஓர் அலகு. ஆசிரியரின் முதுமைக்கு வழி செய்யப் புகுந்த ஓர் ஏற்பாடு, மாணவரின் கல்வியை மணிக்கணக்கால் அளக்கும் வழக்கத்தை நிலைநாட்டிவிட்டது!

நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழு 2015இல் வகுத்த விருப்பப்பாட முறை வழிகாட்டியில், ஒரு பருவத்தில் வாரம் ஒரு மணி நேர வகுப்புக்கு ஒரு கிரெடிட் எனக் கூறப்பட்டது. செய்முறைப் பயிற்சியாயின் வாரம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட். நான்கு கிரெடிட் உள்ள பாடம் என்றால், வாரந்தோறும் நான்கு மணி நேரம் அதற்கு ஒதுக்கப்பெற்றுள்ளது என்று பொருள். ஆகவே கிரெடிட் என்பது ஒரு பாடத்தின் எடை. நீங்கள் அப்பாடத்தில் எவ்வளவு சிறந்து விளங்கினீர்கள் என்பதை அது கூறுவதில்லை. அதனைக் கூறுவது தரப்புள்ளி. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வோர் பலர். ஒரு பாடத்தில் வெறும் தேர்ச்சி பெற்றவர்க்கும் முழுச் சிறப்புப் பெற்றவர்க்கும் கிடைக்கும் கிரெடிட் ஒன்றே, தரப்புள்ளிதான் வேறு.

அதே வழிகாட்டியின்படி தரப்புள்ளிகள் பத்துக்குக் கணக்கிடப்படுகின்றன. மிக உயர்ந்த சிறப்பாகிய 'ஓ' என்னும் தரத்திற்கு 10, 'ஏ பிளஸ்' தரத்திற்கு 9, 'ஏ' தரத்திற்கு 8 என்று இறங்கி வந்து, வெறும் தேர்ச்சிக்கு 4 என முடிகிறது. தோல்விக்கும் தேர்வுக்கு வாராமைக்கும் சுழியம்.

இப்போது ஒரு சிறு கணக்குச் செய்து பார்ப்போம். தாளும் எழுதுகோலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பருவத்தில் ஆறு பாடங்கள். மூன்று பாடங்களுக்கு நான்கு நான்கு கிரெடிட். மற்ற மூன்றிற்கு இரண்டிரண்டு கிரெடிட். ஆக மொத்தம் 18 கிரெடிட். ஒரு மாணவர் பெரிய பாடங்கள் மூன்றிலும் 9 புள்ளி, சிறிய பாடங்கள் மூன்றிலும் 6 புள்ளி பெறுகிறார். ஒவ்வொரு பாடத்திலும் புள்ளியைக் கிரெடிட்டால் பெருக்கவேண்டும். பெரிய பாடங்களால் 108, சிறிய பாடங்களால் 36, கூட்டினால் 144. இதனை 18ஆல் வகுத்தால் வருவது 8. மற்றொரு மாணவர் இதற்கு மாறாகப் பெரிய பாடங்களில் 6, சிறிய பாடங்களில் 9 பெறுகிறார். அவர்க்கு 72ம் 54ம் கூட்டி 126. அதனை 18ஆல் வகுத்தால் 7. இருவரும் பெற்ற புள்ளிகள் அவையே. மூன்று ஒன்பதும் மூன்று ஆறும். எனினும் ஒருவர்க்கு 8, மற்றவர்க்கு 7. இவ்வாறு ஒரு பருவத்திற்குக் கிடைப்பது பருவச் சராசரி. எல்லாப் பருவங்களையும் இதே முறையில் சேர்த்துக் கணக்கிடுவது மாணவர் 'சி.ஜி.பி.ஏ.' என்று வழங்கும் ஒட்டுமொத்தச் சராசரி.

இக்கணக்கு உணர்த்துவது எளிய உண்மை. எந்தப் பாடத்திற்கு எவ்வளவு எடை என்பதைப் பருவம் தொடங்கும் நாளிலேயே அறிந்துகொள்ளுதல் வேண்டும். முதல் இரண்டு பருவங்களை விளையாட்டாகக் கழித்துவிட்டு, இறுதி ஆண்டில் ஈடு செய்யலாம் என்று எண்ணுவோர் உண்டு. பருவங்கள் கூடக்கூடச் சராசரி அசைவது அரிதாகிவிடும். ஐந்து பருவங்களில் 6 என்னும் சராசரி பெற்ற ஒருவர், சம எடையுள்ள ஆறாம் பருவத்தில் முழுப் பத்தும் பெற்றாலும், அவருடைய ஒட்டுமொத்தச் சராசரி 6.67ஐத் தாண்டாது.

கிரெடிட்டிலும் ஊர்ப் படி வேறுபாடு உண்டோ எனின், உண்டு. 120 என்னும் எண்ணையே பாருங்கள். இங்கிலாந்தில் 120 கிரெடிட் என்பது ஓர் ஆண்டுப் படிப்பு. ஐரோப்பிய நாடுகளின் பொது முறையில் ஆண்டுக்கு 60 ஆதலின், 120 என்பது இரண்டு ஆண்டுப் படிப்பு. நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழு 2022 இறுதியில் வெளியிட்ட வரையறைப்படி, மூன்றாண்டு இளநிலைப் பட்டத்திற்கு வேண்டுவது குறைந்தது 120. அமெரிக்காவிலோ பொதுவாக 120 கிரெடிட் என்பது நான்காண்டுப் பட்டம். எண் ஒன்றே, ஆண்டுகள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு!

இதற்குக் காரணம், ஒவ்வொரு நாடும் ஒவ்வொன்றை அளப்பதே. இங்கிலாந்தில் ஒரு கிரெடிட் என்பது பத்து மணி நேரக் கற்றல். வகுப்பில் அமர்வது மட்டுமன்றி, நூலகத்தில் படிப்பதும் கட்டுரை எழுதுவதும் தேர்வுக்கு ஆயத்தம் செய்வதும் அதில் அடங்கும். ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேரக் கற்றல். நம் நாட்டில் 2023இல் வெளியான தேசியக் கிரெடிட் வரையறை ஆண்டுக்கு 1200 மணி நேரக் கற்றலுக்கு 40 கிரெடிட் எனக் கொள்கிறது. இங்கிலாந்தின் ஓராண்டும் 1200 மணியே. ஆகவே, மாணவர் தாமே அமர்ந்து கற்கும் நேரம் கிரெடிட்டின் ஒரு பகுதி என்பதை மறத்தலாகாது. வகுப்பு முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடுபவர் அந்தக் கிரெடிட்டை முழுதும் ஈட்டியவர் ஆகார்.

கிரெடிட் முறையின் நற்பயன் ஒன்று குறிப்பிடத்தக்கது. குடும்ப வறுமையாலோ நோயாலோ படிப்பை இடையில் விட நேர்ந்தவர்க்கு, பழைய முறையில் அதுவரை கற்றது வீணாயிற்று. 2021இல் ஏற்படுத்தப்பெற்ற கிரெடிட் சேமிப்பு வங்கியின் நோக்கம், ஈட்டிய கிரெடிட்டைப் பதிந்து வைத்து, பின்னர் வேறு கல்வி நிலையத்திலும் தொடர வழி செய்வது. இதனை எல்லா நிலையங்களும் மனமுவந்து ஏற்று நடத்தினால், ஏழை மாணவர்க்குப் பெரிதும் துணையாகும்.

தரப்புள்ளியிலும் ஒரு நுட்பம் உண்டு. அமெரிக்காவில் மவுண்ட் ஹோலியோக் என்னும் மகளிர் கல்லூரி 1897இல் எழுத்துத் தரத்தைக் கைக்கொண்டது. அங்கு 75க்குக் குறைந்தால் தோல்வி. இங்கிலாந்தில் முதல் வகுப்புக்கே 70 போதும் என்று முன்னர்க் கண்டோம். ஒரே மதிப்பெண் ஓரிடத்தில் தோல்வியாகவும் ஓரிடத்தில் சிறப்பாகவும் கருதப்படுகிறது. மேலும், சில நிலையங்கள் மாணவர் பெற்ற மதிப்பெண்ணை மட்டும் கொண்டு தரம் வழங்கும். வேறு சில, வகுப்பிலுள்ள பிறரோடு ஒப்பிட்டுத் தரம் வழங்கும். பின்னைய முறையில், வினாத்தாள் கடினமாயினும் மாணவர் அதனால் பெரிதும் இழப்பதில்லை. ஆனால் தோழர் உயர்ந்தால் நாம் தாழ்வோமோ என்னும் அச்சம் எழுகிறது. கூடிப் படிக்கும் நட்புக்கு அது நல்ல துணையன்று. இதனை வகுப்போர் கருத்தில் கொள்ளுதல் நலம்.

தரப்புள்ளியை நூற்றுக்கு இத்தனை என மாற்றும்போதும் விழிப்பு வேண்டும். சில நிலையங்கள் சராசரியை நேரே பத்தால் பெருக்கும். சில நிலையங்கள் முதலில் 0.75ஐக் கழித்துவிட்டுப் பத்தால் பெருக்கும். 6.50 என்னும் சராசரி முதல் முறையில் 65 ஆகும். இரண்டாம் முறையில் 57.5 ஆகும். '60 விழுக்காடு வேண்டும்' என்று விளம்பரம் செய்யும் வேலைக்கு ஒரு கணக்கில் அவர் தகுதியுடையவர். மற்றொரு கணக்கில் தகுதியற்றவர். ஆகவே, உங்கள் பல்கலைக்கழகம் எழுத்து மூலம் தந்துள்ள விதி எதுவோ அதனையே காட்டுங்கள். மனம் போனபடி பெருக்கி விண்ணப்பத்தில் எழுதுதல் பின்னர் இடர் விளைக்கும்.

வகுப்பை வழங்கும் விதிகளையும் படித்தறிதல் வேண்டும். சிறப்புத் தகுதியுடன் கூடிய முதல் வகுப்புக்குச் சராசரி மட்டும் போதாது. எல்லாப் பாடங்களிலும் முதல் முயற்சியிலேயே தேறியிருத்தல் வேண்டும் என்று பல இடங்களில் விதி உண்டு. ஒரே ஓர் 'அரியர்', எத்தனை உயர்ந்த சராசரியையும் அப்பெயரினின்று விலக்கிவிடும். மதிப்பெண்ணில் ஐயம் தோன்றினால், மறுகூட்டலும் மறுமதிப்பீடும் கோர வழி உண்டு. திருத்தப்பெற்ற தம் விடைத்தாளைப் பார்வையிடத் தேர்வு எழுதியவர்க்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்துள்ளது. உரிய காலத்திற்குள் விண்ணப்பித்தல் மாணவர் கடமை.

நண்பர்களே, நடுவுநிலைமையைக் கூறப் புகுந்த திருவள்ளுவர் துலாக்கோலை உவமையாக எடுத்தார். துலாக்கோல் எடையைக் கூறும். தட்டில் உள்ள பொருளின் மணத்தையோ சுவையையோ கூறாது. அது துலாக்கோலின் குற்றம் அன்று, அதன் எல்லை. தரப்புள்ளியும் அத்தகையதே. குறித்த பாடத்தில், குறித்த காலத்தில், குறித்த முறையில் நீங்கள் காட்டிய தேர்ச்சியை அது கூறுகிறது. உங்கள் நேர்மையையும், விடாமுயற்சியையும், பிறர்க்கு உதவும் பண்பையும், இனி நீங்கள் அடையப்போகும் அறிவையும் அது அளக்கவில்லை, அளக்கவும் இயலாது. ஆதலின் ஓர் எண் குறைந்ததற்காக உயிரே போயிற்று என்று மனம் உடைதல் அறியாமை. அளவுகோலே பொய் என்று இகழ்ந்து, படிப்பைக் கைவிடுதலும் அறியாமையே.

பாடத்தின் எடையை அறியுங்கள், விதியைப் படியுங்கள், முதற் பருவத்திலிருந்தே உழையுங்கள். பிறர் தம் எண்ணைச் சொல்லும்போது, எந்த ஊர்ப் படி என்று கேட்டபின் ஒப்பிடுங்கள். இவற்றைச் செய்தபின் வரும் எண் எதுவாயினும், அதனைத் தலைநிமிர்ந்து பெற்றுக்கொள்ளுங்கள்.